சைகோனில் கிடைத்த பிள்ளை

ஸ்ரௌவ்வில்
19 மார்ச் 2025, புதன் இரவு

அன்புள்ள பிரதீபா மாமிக்கு,

இதை யாருக்கும் காட்டமாட்டேன் என்று முதலில் உங்களுக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு வாசியுங்கள். உங்களோடு அறையைப் பகிர்கிற அக்காவுக்குக்கூட வேண்டாம். வாசித்து முடித்ததும் கிழித்துவிடுங்கள். போன வருடம் அவருடைய சொந்தத் தங்கையான உங்களுக்கு ஒரேயொரு மெசேஜ் அனுப்பியதற்கு அப்பா என்னோடு பத்தொன்பது நாட்கள் பேசவில்லை. அம்மாவையும் பேச விடவில்லை. என் அறைக் கதவின் பூட்டைக் கழற்றி எடுத்துவிட்டார். அவர் தட்டுவதில்லை. திறப்பார். இரவு ஒன்பது மணிக்கு என் போன் அவர் கைக்குப் போய்விடும். அதனால்தான் இந்தக் கடதாசி.

என் வகுப்பில் படிக்கும் றோசலின் இதைக் கொண்டுவருவாள். அவளுடைய அம்மாவும் நீங்களும் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற அதே சமையல்கூடத்தில்தான் வேலை செய்கிறீர்கள் என்பது இந்த வாரம்தான் எனக்குத் தெரியவந்தது. மேடையில் பேசிக் கப் வாங்க வேண்டும் என்பதற்காக அப்பா என்னை ஆறு வயதிலிருந்து சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். அந்தத் தமிழ் இப்போது அவருக்குத் தெரியாமல் எழுத உதவுகிறது.

மார்ச் விடுமுறைக்கு வியட்நாம் போய் வந்தோம். நாங்கள் மூவரும், தமிழ்ச் சங்கத் தலைவர் தில்லையம்பலம் அங்கிளும், தவமணி அன்ரியும், இன்னும் ஆறு சங்கத்து ஆட்களும். பதினொரு பேர், ஒரு வான், இரண்டு றைஸ் குக்கர். பெயர்ப்பலகைகளில் ஹோ சி மின் நகரம் என்று இருக்கிறது, ஆனால் ஆட்கள் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே றோட்டில் மோட்டார் சைக்கிள்கள் நிற்பதே இல்லை. நில்லாமல், ஓடாமல், ஒரே வேகத்தில் நடந்தால் அவை உங்களைச் சுற்றிக்கொண்டு போகும் என்று வழிகாட்டி சொன்னார். தில்லையம்பலம் அங்கிள் நடு றோட்டில் நின்று பொலிஸ்காரர் போலக் கையை நீட்டி, “நில், நில்” என்று தமிழில் கத்தினார். ஒருவரும் நிற்கவில்லை. கடைசியில் லொத்தர் சீட்டு விற்கிற ஒரு அம்மா அவருடைய முழங்கையைப் பிடித்து அக்கரையில் கொண்டுபோய் விட்டார். இரவு சாப்பாட்டில் தான்தான் எல்லாரையும் கடத்திவிட்டதாக அங்கிள் சொன்னார். எல்லாரும் ஓம், ஓம் என்று தலையாட்டினார்கள்.

அடுத்த நாள் போர் அருங்காட்சியகம். முற்றத்தில் பழைய யுத்தத் தாங்கிகளும் விமானங்களும் நிற்கின்றன. அப்பா ஒவ்வொன்றிலும் சாய்ந்து பெருவிரலை உயர்த்திப் படம் எடுத்தார். தவமணி அன்ரி தாங்கியின் சங்கிலிச் சில்லுக்குப் பக்கத்தில் பேப்பர் விரித்துப் பருத்தித்துறை வடை வைத்தார். காவலாளி வந்து கலைத்தபோது அவருக்கும் ஒன்று நீட்டினார். உள்ளே குளிரூட்டி இருந்த அறைகளில் நீண்ட நேரம் நின்றார்கள், இல்லாத அறைகளில் விரைவாக நடந்தார்கள். அப்பா ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று, “எங்கட சனம் பட்டதுக்கு முன்னால உது என்ன” என்றார். புதிதாக வீடு வாங்கியவர்களின் வீட்டுக்குப் போனால் குசினி அடுப்புமேடையைத் தட்டிப் பார்த்து எங்களுடையது பெரிது என்பாரே, அதே குரல்.

பிறகு ஒரு படத்தின் முன்னால் பேசாமல் நின்றுவிட்டார். கறுப்பு வெள்ளைப் படம். பங்கர் வாசலில் ஒரு சின்னப் பிள்ளை. முகத்தை இரண்டு கைகளாலும் மூடியிருக்கிறது. இரண்டு பக்கமும் மணல் மூட்டைகள். கீழே, பிள்ளையின் பெயர் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. அப்பா அழுகிறார் என்று நினைத்தேன். மாமி, அந்த ஒரு நிமிடம் அவரை எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு அவர் போனை எடுத்து நாலு தரம் படம் பிடித்தார். கண்ணாடியில் என் நிழல் விழுகிறது, தள்ளி நில் என்றார். தில்லையம்பலம் அங்கிளிடம் காட்டி, “கீழ இருக்கிற எழுத்தை வெட்டினாத் தெரியாது, என்ன?” என்று கேட்டார்.

என்ன தெரியாது? அன்றிலிருந்து இதையே யோசிக்கிறேன். நீங்கள் ஏன் வீட்டைவிட்டுப் போனீர்கள் என்பதும் எனக்குச் சுவருக்கு அப்பால் கேட்டதுதான். உங்கள் மகன் அபிஷனின் படத்தை அப்பா கேட்டார், நீங்கள் கொடுக்கவில்லை. அது மட்டும்தானா?

துவாரகா


மிசிசாகா
27 மார்ச் 2025

துவாரகா பிள்ளைக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. எனக்குக் கிழிக்கிற பழக்கம் இல்லை. காட்டவும் இல்லை, காட்ட இங்கே ஆளும் இல்லை. அறையைப் பகிர்கிற பிள்ளைக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. அவள் போர்வை எனக்குத் தெரியும், முகம் சரியாகத் தெரியாது.

நீ சுவருக்கு அப்பால் கேட்டது சரி. மே மாதத்தில் போரில் செத்தவர்களுக்காகச் சங்கம் படங்கள் வைக்கிறதே, அதற்கு உன் அப்பா அபிஷனின் படத்தைக் கேட்டார். என்னிடம் இருப்பது ஒன்றுதான். கிளிநொச்சியில் முன்பள்ளியில் எடுத்தது. ஷொப்பிங் பையில் சுற்றி உடம்போடு கட்டிக்கொண்டு வந்தேன். அதை நாலு அடிக்குப் பெருப்பிக்க வேண்டும் என்றார். “அண்ணை, அவன் மூண்டு அடிதான் இருந்தவன்” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற தில்லையம்பலம், பெருப்பித்தால் எம்.பி.மாருக்குப் பின்வரிசையிலிருந்தும் தெரியும் என்று எனக்கு விளக்கினார். நான் மாட்டேன் என்றேன். ஒரு வாரத்தில் எனக்குத் தலை சரியில்லை என்று ஸ்காபரோ வரைக்கும் கதை போய்விட்டது. உங்கள் வீட்டுப் பேஸ்மன்றைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டேன்.

உன் அப்பா 1994 இல் இங்கே வந்தவர். 2009 இல் முள்ளிவாய்க்காலில் நாங்கள் கஞ்சி வரிசையில் நின்ற நாட்களில் அவர் இந்த ஊர் றோட்டில் குளிருக்குள் கொடியோடு நின்றார். அதை நான் குறை சொல்லமாட்டேன். நின்றது நல்லது. ஆனால் வருடம் போகப் போகக் கஞ்சி வரிசையிலும் தானே நின்றதாக மேடையில் சொல்கிறார். போன வருடம் கஞ்சியில் உப்பு இல்லை என்றுகூடச் சொன்னாராம். உப்பு இல்லை என்பது உண்மைதான். அதை அவருக்குச் சொன்னவள் நான்.

அவர் அந்தப் படத்தை ஏன் எடுத்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? தாங்கியில் சாய்கிறவர் எதையும் எடுப்பார்.

இனி எனக்கு எழுதாதே. பயந்து பயந்து எழுதி உன் கையெழுத்து ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது.

மாமி

பங்கர் வாசலில் மணல் மூட்டை என்று எழுதியிருந்தாய். என்ன துணியில் தைத்தது?


ஸ்ரௌவ்வில்
2 மே 2025, வெள்ளி இரவு

மாமி,

எழுதாதே என்று சொல்லிவிட்டுக் கேள்வியும் கேட்டிருக்கிறீர்கள். இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தது பயத்தால்தான். அப்பா என் புத்தகப் பையை இரண்டு தரம் கொட்டிப் பார்த்தார். உங்கள் கடிதம் கணிதப் புத்தகத்தின் அட்டைக்குள் இருந்தது. இதையும் யாருக்கும் காட்டவேண்டாம்.

துணி இல்லை, சாக்கு. தடிப்பான சாக்கு, எல்லாம் ஒரே மாதிரி. இன்று இன்னொரு தரம் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். அந்தப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது, மாமி. நீங்கள் இருந்த பேஸ்மன்ற் அறையில், உங்கள் கட்டில் கிடந்த இடத்தில், நாலு அடி உயர அட்டையில் ஒட்டி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கீழே இருந்த எழுத்து இல்லை. அந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பட்டி ஒட்டியிருக்கிறது. அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் நானும் மறைத்தவள் ஆகிவிடுவேன்.

அபிஷன், வயது 5. முள்ளிவாய்க்கால், 2009.

நான் கேட்டேன். இந்த வீட்டில் கேள்வி கேட்பது எனக்கு எவ்வளவு கடினம் என்று உங்களுக்குத் தெரியும். “அப்பா, உது சைகோன் படம்தானே?” என்றேன். அவர் கோபிக்கவில்லை. அதுதான் மோசம். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போல மெதுவாகச் சொன்னார்.

“அது பேர் இல்லாத பிள்ளை. எங்களிட்டப் பேர் இருக்கு, படம் இல்லை. ரெண்டையும் சேர்த்தா ஒரு பிள்ளை. உன்ர மாமி தந்திருந்தா உது தேவையே இல்லை.”

2009 இல் கறுப்பு வெள்ளையில் யார் படம் எடுத்தார்கள் என்று கேட்டேன். அது ஆர்ட்டிஸ்ரிக் என்றார்.

பெயர் ஏன் வேண்டும் என்றால், சங்கத்தில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் பெயர் இருக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் ஒருவர் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். படம் உள்ள குடும்பங்களுக்கு முதல் வரிசைக் கதிரை. போன வருடம் அப்பாவை மூன்றாம் வரிசையில், சமோசாவுக்குப் பொறுப்பானவர்களோடு இருத்தினார்கள். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அதைத்தான் பேசினார். அடுத்த தேர்தலில் தலைவர் ஆகப் பார்க்கிறார். செத்துப்போன ஐந்து வயதுப் பிள்ளையின் மேல் ஏறி நின்றால் இரண்டு வரிசை முன்னுக்குப் போகலாம் என்பது அவருடைய கணக்கு.

இந்த வருடம் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நிற்கப் போவது நான். மே 18, ஞாயிறு காலை, ஸ்காபரோ மண்டபத்தில். “என் மச்சான் அபிஷன்” என்று தொடங்கி இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் எழுதித் தந்திருக்கிறார். வெள்ளைக்காரருக்கு என் உச்சரிப்பு நல்லதாம். கண்ணீர் வந்தால் துடைக்க வேண்டாமாம்.

செய்திக்காரருக்குச் சொல்லு என்கிறாள் றோசலின். சொன்னால் என்ன நடக்கும்? அங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்கிறவர்கள் இதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். உண்மையான படங்களையும் பார்த்துச் சிரிப்பார்கள். நான் வாசிக்காவிட்டால் இந்த வீட்டில் எத்தனை நாள் மௌனம் என்று தெரியாது. வாசித்தால் என்னை நானே பார்க்க முடியாது. சொல்லுங்கள்.

துவாரகா


மிசிசாகா
7 மே 2025

பிள்ளை,

சாக்கு என்றாய். அங்கே சாக்கு எங்கே இருந்தது? இருந்த சாக்கெல்லாம் முதல் இரண்டு இடப்பெயர்விலேயே முடிந்துவிட்டது. எங்கள் மூட்டைகள் எல்லாம் சேலை. வெட்டி, மடித்து, கையால் தைத்து, மண் நிரப்புவோம். பங்கர் வாசல் துணிக்கடை போல நிறம் நிறமாக இருக்கும். என் கூறைச்சேலையில் மட்டும் ஐந்து மூட்டை வந்தது. சரிகைக் கரை வெளியே தெரியும்படி தைத்துவிட்டேன், அவசரத்தில். அபிஷன் உள்ளே இருக்கிற நேரமெல்லாம் அந்தச் சரிகையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பான்.

அங்கே இருந்த எந்தப் பெண்ணும் அந்தப் படத்தைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவாள். உன் அப்பாவுக்கு மணல் மூட்டை என்றால் மணல் மூட்டை. தில்லையம்பலத்துக்கும் அப்படித்தான். பொய் சொல்லவும் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

என் பிள்ளையின் பெயரை எழுதினதற்காக மட்டும் நான் கொதிக்கவில்லை. அந்தப் பிள்ளையையும் ஒருத்தி பெற்றிருப்பாள். ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள். பெயர் தெரியாது என்று எழுதியிருந்தால் பெயர் இல்லை என்று அர்த்தமா? கொஞ்ச நேரம் வெளியே போனவனின் இடத்தில் தன் காரை விடுகிறது போல உன் அப்பா அதைச் செய்திருக்கிறார்.

செய்திக்காரர் வேண்டாம். நீ சொன்ன காரணம் சரி.

நீ ஒன்றும் செய்யாதே. உனக்குப் பதினாறு வயது. இன்னும் இரண்டு வருடம் அந்தக் கூரைக்குக் கீழே படுக்க வேண்டியவள். குடும்பத்தில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஒழுங்கு போட்டவர்கள் அவர்கள்தானே. பெற்றவள் நான். நான் வந்து நிற்கிறேன். ஞாயிறு வேலையை மாற்றிக்கொண்டுவிட்டேன்.

மாமி


ஸ்ரௌவ்வில்
12 மே 2025, திங்கள் இரவு

மாமி,

நீங்கள் வந்து நின்று என்ன சொல்வீர்கள்? இது என் பிள்ளை இல்லை என்றா? நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள் என்று அப்பா இப்போதே எல்லாருக்கும் சொல்லத் தொடங்கிவிட்டார். “அவள் பாவம், பிள்ளையின்ர முகமே இப்ப மறந்துபோச்சு” என்று நேற்றுப் போனில் தவமணி அன்ரிக்குச் சொன்னார். அன்ரி அழுதார். உங்களைக் கதிரையில் இருத்தித் தேநீர் கொடுத்து, தோளைத் தடவி, அப்படியே வெளியே கூட்டிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு அது நல்ல பழக்கம்.

ஒரேயொரு வழிதான் இருக்கிறது. அபிஷனின் உண்மையான படத்தைக் கொண்டுவாருங்கள். சின்னதாகவே இருக்கட்டும். பக்கத்தில் பிடித்தால் போதும். பார்க்கிற எல்லாருக்கும் விளங்கிவிடும். தயவுசெய்து.

துவாரகா


மிசிசாகா
14 மே 2025

துவாரகா,

நீயும் படத்தைக் கேட்கிறாய்.

உன் அப்பா கேட்டபோதும் தயவுசெய்து என்றுதான் தொடங்கினார். ஒரு பொய்யை முறிக்க என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து அந்தச் சனத்தின் முன்னால் ஒப்பிட்டுக் காட்ட வேண்டுமா? அவர்கள் இரண்டையும் மாறிமாறிப் பார்ப்பார்கள். எதைப் பார்த்தால் கூடுதலாக அழுகை வருகிறது என்று பார்ப்பார்கள். சைகோன் பிள்ளைதான் வெல்லும். அபிஷன் அந்தப் படத்தில் சிரிக்கிறான், முன் பல் இல்லை.

இரவு நேரத்தில் இதை எழுதிவிட்டுக் காலையில் திரும்ப வாசித்தேன். உன்னில் கோபிக்க எனக்கு நியாயம் இல்லை. ஆனாலும் எழுதியதை அழிக்கவில்லை.

வருவேன். படம் வராது. தேநீர் தந்தால் குடிக்கமாட்டேன்.

மாமி


ஸ்ரௌவ்வில்
17 மே 2025, சனி இரவு

மாமி,

றோசலினிடம் கொடுக்க நேரம் இல்லை. நாளைக்கு மண்டபத்தில் உங்கள் கையிலேயே தருவேன். வேறு யாருக்கும் காட்டாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன், பழக்கத்தில்.

நீங்கள் எழுதியது சரி. படத்தைக் கேட்டது என் பிழை. கேட்டபோது என் குரலும் அப்பாவின் குரல் போலத்தான் இருந்திருக்கும். உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு இரண்டு நாள் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். செய்யாதே என்றீர்கள். செய்துவிட்டேன்.

சாப்பிட்ட பிறகு அப்பாவும் தில்லையம்பலம் அங்கிளும் கராஜில் வானுக்குள் கதிரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கதிரை முதல் வரிசைக்கு என்று அங்கேயும் வாக்குவாதம். நான் பேஸ்மன்றுக்குப் போனேன். சத்தம் கேட்கக்கூடாது என்று படிக்கட்டில் இருந்து இருந்து இறங்கினேன். வெள்ளைப் பட்டியின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். உங்கள் அபிஷன் சரிகையைச் சுரண்டியது நினைவுக்கு வந்தது. கிழியாமல் முழுதாக உரிந்து வந்துவிட்டது. இத்தனை நாளாகியும் பசை காயவில்லை. அப்பா மலிவான பசை வாங்கியிருக்கிறார்.

அந்த இடத்தில் கறுப்பு மார்க்கரால் இப்படி எழுதினேன்:

சைகோன் அருங்காட்சியகத்தில் இருக்கும் படம். இந்தப் பிள்ளையின் பெயர் எங்களுக்குத் தெரியாது.

ஆங்கிலத்திலும் எழுதினேன். என் கையெழுத்து ஒரு பக்கம் சரிந்துதான் இருக்கிறது. அட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். நாளைக்கு நான்தான் பக்கத்தில் நிற்பேன். இரண்டு பக்கத்தையும் வாசிக்கமாட்டேன். இந்த இரண்டு வரியைத்தான் வாசிப்பேன், அதற்குப் பிறகு என்ன நடந்தாலும். நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. வந்து பக்கத்தில் நின்றால் போதும். நீங்கள் அங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்தால் என் குரல் வரும் என்று நினைக்கிறேன்.

மேலே ஏறி வந்தபோது அம்மா குசினியில் நின்றார். என் கையில் இருந்த பட்டியைப் பார்த்தார். அதில் இருந்த பெயரையும் வாசித்திருப்பார், எழுத்து அவ்வளவு பெரியது. படிக்கட்டு லைற்றை அணைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்காக அணைத்தாரா, கரண்டுக்காக அணைத்தாரா என்று தெரியவில்லை. பதினாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இதுகூடத் தெரியவில்லை.

இப்போது கராஜ் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. “போர்ட்டையும் இப்பவே ஏத்திவிடுவம், நான் எடுத்துக்கொண்டு வாறன்” என்று அப்பா சொல்கிறார். பேஸ்மன்ற் படிக்கட்டில் அவர் இறங்குகிறார். ஏழாவது படி கிறீச்சிடும், உங்களுக்குத் தெரியும்தானே. கிறீச்சிட்டது.

கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

அபிஷனின் பெயரை இந்த உறைக்குள் வைக்கிறேன். மூன்று விரல் அகலம்தான். பின்பக்கத்துப் பசையில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மெழுகுத்தாள் வைத்திருக்கிறேன். அது உங்களுடையது. என்ன நடந்தாலும் நாளைக்கு அதை

கீழே சத்தமே இல்லை. கத்துவார் என்று நினைத்தேன். இவ்வளவு நேரம் ஏன்

மாமி, கதவைத் தட்டுகிறார்கள். மெதுவாக. அப்பா ஒருநாளும் தட்டியதில்லை, இது